ஆறுக்கும் க்யூவுக்கும் நடுவே

பாயான் லெப்பாஸ், பதின்மூன்றாம் மாடி.
இரவு ஒன்றே கால்.
இரண்டாம் பாலத்து விளக்குகள் ஜன்னலில் சிறிதாக.
மீ கோரேங் பொட்டலம் பிரிக்காமலே
எண்ணெய் கசிந்துகொண்டிருக்கிறது.

என் கர்சர் கட்டையாக நிற்கிறது.

எழுதும்போது கோடு,
கட்டளையிடும்போது கட்டை:
அதுதான் எனக்கும் திரைக்கும் பேச்சு.
மூன்று நாளாக அது பேச்சு மாறிவிட்டது.
விம்முக்குள் போய்த் திரும்பினால்
அங்கே இருந்த முகத்தோடேயே
ஷெல்லிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது,
ஆபீஸ் சட்டையோடு தூங்கிப்போகும் என்னைப் போல.

செவ்வாய்க்கிழமை,
எழுதுகிறேன் என்று நினைத்து ஒன்பது எழுத்துத் தட்டினேன்.
முதல் இரண்டு எங்கோ போயின.
மூன்றாவது, வரியைப் பாதியில் வெட்டியது.
நான்காவது கதவைத் திறந்துவிட்டது.
மீதி ஐந்தும் வரிசையாக உள்ளே நுழைந்தன.
பார்க்காமல் என்டர் தட்டினேன்.
ஷா ஆலம் கிடங்கில்
லேபிள் அச்சடிக்கும் மெஷின்கள்
இருபது நிமிடம் வாய்மூடி நின்றன.

"மலர், நீ எந்த மோடில் இருந்தாய்?" என்றாள் மெய் யீ.
தெரிந்திருந்தால்
அங்கேயே இருந்திருப்பேனா?

டெர்மினலை மாற்றினேன். கட்டை.
டீமக்ஸை மூடினேன். கட்டை.
மோடு மாறும்போது ஓடவேண்டிய ஃபங்ஷன்
ஓடுகிறதா என்று சந்தேகம்;
உள்ளே ஒரு வரி சேர்த்தேன், "வந்தேன்" என்று சொல்ல.
எஸ்கேப் தட்டினால், வந்தேன்.
ஐ தட்டினால், வந்தேன்.
வருகிறது, வராமல் இல்லை.
வந்து என்ன செய்கிறது?

பிறகு அந்தக் கட்டளையை
எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தேன்:
எஸ்கேப். சதுர அடைப்பு. ஆறு. க்யூ.
மறுபடி.
எஸ்கேப், சதுர அடைப்பு, ஆறு,

ஆறுக்கும் க்யூவுக்கும் நடுவே
ஒரு இடைவெளி இருக்கவேண்டும்.
வெறும் இடைவெளி. ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டு.
அது இருந்தால் க்யூ கர்சரின் வடிவம்.
அது இல்லாவிட்டால்
பழங்காலத்து விசைப்பலகைகளில்
சிறு விளக்குகளை ஏற்றச் சொல்லும் கட்டளை.
மூன்று நாளாக, ஒவ்வொரு எஸ்கேப்புக்கும்,
இந்த மேசையில் இல்லாத விளக்கொன்றை
ஏற்று ஏற்று என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை
கோப்பைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று
வேண்டாத இடைவெளிகளை எல்லாம் எடுத்தது
யார் என்று கேட்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஒரு தட்டு. சேமித்தேன். ஷெல்லைப் புதிதாகத் திறந்தேன்.
கோடு.
எஸ்கேப்: அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக
யோசித்துவிட்டு, கட்டை.
அந்தத் தயக்கத்தையும் குறைக்கலாம், ஓர் எண் போதும்.
குறைக்கவில்லை.
என்னிடம் கேட்காமல் எதுவும் மாறாமல் இருக்க
அந்த அரை நொடி இருக்கட்டும்.

மெய் யீக்கு மெசேஜ் அனுப்பினேன்: இடைவெளி.
ரெண்டு நீல டிக். பதில் இல்லை.
தூக்கத்தில் திட்டியிருப்பாள்.

காலைக்குள் அறிக்கை போகவேண்டும், மலாயில்.
காரணம் என்ற இடத்தில்
டெர்மினல் கோளாறு என்று எழுதினேன்.
எஸ்கேப். கட்டை.
இரண்டு டி. வரி போனது.
ஐ. கோடு.
'சாயா' என்று தொடங்கினேன், நான் என்று.
ஒரு இடைவெளி விட்டேன்.
பிறகு எழுந்துபோய்
ஆறிய மீ கோரேங்கைப் பிரித்தேன்.