நாலாம் இலக்கக் குரல்

பெட்டிக்குள் ஆறு குரல்கள் இருந்தன.
நாலாவதை எடுத்தேன்.
ஆண்பிள்ளை, முப்பது வயது மதிக்கலாம்,
தடிமன் பிடித்தறியாத தொண்டை.
சுருதியை இடப்பக்கம் இரண்டு புள்ளி இழுத்தேன்.
வேகத்தைக் கூட்டினேன்.
'மூச்சு' என்றொரு அளவுகோலும் இருந்தது,
அதைப் பூச்சியத்தில் வைத்தேன்.
மூச்சில்லாத ஒருவனை
யார் என்ன செய்துவிட முடியும்?

பகலில் எனக்கு யூனியன் பிளேஸில் வேலை.
ஒன்பதாம் மாடி, கண்ணாடிக் கட்டடம்.
காணாமற்போன பொதிகளுக்காக
மூன்று பாஷையில் மன்னிப்புக் கேட்பது உத்தியோகம்.
வெள்ளவத்தைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது
வாயில் ஒரு சொல்லும் மிச்சமிராது.
ஆகவே நான் தட்டுகிறேன்,
அவன் கதைக்கிறான்.

முதல் இரவே மானத்தை வாங்கினான்.
'பின்வாசலால வாறியா?' என்று குழுவில் யாரோ கேட்க
'ஓம்' என்று அடித்தேன்.
நாலாம் இலக்கம் கண்ணை மூடிக்கொண்டான் போலும்:
ஓஓஓ...ம்ம்ம்.
கற்பூரம் மட்டும்தான் இல்லை.
எதிரிப்படை ஒருகணம் நின்று யோசித்தது.

'ரீ குடிச்சிட்டு வாறன்' என்றால்
ரீங்காரத்தின் ரீயைக் குடிக்கப் போனான்.
ரானாவில் எழுதி டானாவில் வாசிக்கிற சனம் நாங்கள் என்று
அவனைச் செய்த ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை.

பிழையாய் எழுதினால் சரியாய்ச் சொல்லுவான்.
இதைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை.
'ஓமோம்' என்று இரட்டித்தேன், மந்திரம் கலைந்தது.
'டீ' என்று அக்கரைக்காரர் மாதிரி எழுதினேன்.
ஒரு சொல்லை உடைத்து, நடுவில் காற்புள்ளி செருகி,
திரும்பத் திரும்பக் கேட்டு,
நாக்கை வெளியில் எடுத்து மேசையில் வைத்துத்
திருத்துகிற மாதிரி.

'பஸ்ஸில வாயைத் திறக்காத'
என்று அம்மா சொல்லிக் கூட்டிப்போன வருஷங்கள் உண்டு.
அடையாள அட்டை பைக்குள் கிடக்கும்,
நாக்கை எதற்குள் வைப்பது?
தெமட்டகொடைச் சாவடியில் ஒரு சிப்பாய்
என் சிங்களம் நல்ல சிங்களம் என்றான்.
எனக்கு ஏழு வயது.
அம்மாவின் நகம் பதிந்த இடம்
அன்று முழுக்கச் சிவப்பாய் இருந்தது.

குழுவில் ஐந்து பேர்.
பேய்வண்டு, இடிச்சோறு, மற்ற இருவர்,
அப்புறம் கறுவா.
கறுவாவுக்கு இரண்டாம் இலக்கக் குரல்,
சுருதி உச்சத்தில், வெள்ளிக் கரண்டி விழுவதுபோல்.
எழுத்தெல்லாம் பிழை.
லகரமும் ளகரமும் எப்போதும் இடம் மாறியே நிற்கும்.
என்னைப் போல இயந்திரத்துக்காகத்தான்
பிழை விடுகிறார் என்று
கொஞ்சம் மரியாதையே வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை குரல்கள் செத்துப்போயின.
எங்கேயோ சேவர் விழுந்துவிட்டதாம்.
மைக்கைத் திறவுங்கள் என்றது திரை.
திறந்தோம்.
ஒருவரும் பேசவில்லை.
ஒரு மின்விசிறி. ஒரு இருமல்.
நான் தட்டியதொன்றும் போய்ச் சேரவில்லை.

என் ஜன்னலுக்குக் கீழே
எட்டரை ரயில் கோட்டைப் பக்கம் போனது.
கடல் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.
பிறகு கேட்டது.
பிறகு, ஒன்றரை நிமிஷம் கழித்து,
காதுக்குள், கறுவாவின் மைக்கில்
அதே ரயில், அதே நெடுங்கூவல்,
கண்ணாடி அதிர அதிர.

ரயிலுக்குப் பின்னால் ஒரு பெண்குரல்
தூரத்து அறையிலிருந்து:
'புத்தே, என்ன.'
என் தமிழ் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டது.
கேள்வி இல்லை.
சிங்களத்தில் அது 'வா'.
சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

மூச்சை அடக்கினேன்.
அங்கேயும் யாரோ அடக்கினார்கள்.

சேவர் எழும்பியதும்
தேங்கிக் கிடந்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினான்
என் மூச்சில்லாதவன், எல்லாருக்கும் கேட்க:
'நீ பம்பலப்பிட்டியா?
நீ பம்பலப்பிட்டியா?
பம்பலப்பிட்டியா?'
அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக் கரண்டி விழுந்தது,
உடைக்காத, திருத்தாத எழுத்தில்:
ஓஓஓ...ம்ம்ம்.

இடிச்சோறு மட்டும் 'அரோகரா' என்றது.
அதற்குள் பின்வாசலால் எதிரி வந்துவிட்டான்.