படி ஒன்று, பச்சை

பலஜ் அல் கபாயில், அறை எண் பதினேழு.
விடிகாலை மூன்றரைக்கு, அலாரத்துக்கும் முன்னால்
போனில் ஒரு சொல் வந்து நிற்கும்.
அர்த்தம், உச்சரிப்பு, ஓர் உதாரண வாக்கியம்.
வலது மூலையில் கடினத்தின் படி:
ஒன்று பச்சை, ஆறு சிவப்பு.
சேஃப்டி பரீட்சைக்கு இரண்டாயிரம் சொல் வேண்டுமாம்.
நான் கேட் பாஸ் எழுதுகிறவன்.
பழைய ஸ்டாக் லெட்ஜரின் பின்பக்கத்தில்
உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கிறேன்.

தமிழில் எழுதினால் ஒரு சிக்கல்.
ப ஒன்றுதான்.
பார்க்கிங் என்றால்
வண்டி நிறுத்துவதா, நாய் குரைப்பதா,
காலையில் எழுதியவனுக்கே மாலையில் தெரியாது.
ஃபோர்மன் மஹ்ரூஸுக்கு அந்தக் குழப்பமே இல்லை.
கெய்ரோவிலிருந்து அவர் கொண்டுவந்தது
ஒரே ஒரு ப, தடித்தது.
அவருடைய வண்டிகள் எல்லாம் குரைக்கும்.
ரோடெல் பைப் கேட்டால்
குழாயா ஐந்தா என்று விரலைக் காட்டச் சொல்வோம்.

ரிசீட் வந்த அன்று மட்டும் மஹ்ரூஸ் ஜெயித்தார்.
அதில் ஓர் எழுத்து இருக்கிறது, ஒலிக்காது என்றது போன்.
நானும் ரோடெலும் ரிசீப்ட் ரிசீப்ட் என்று தடுக்கி விழ
அவர் சுத்தமாகச் சொன்னார்.
அந்த எழுத்தைச் சொல்லாமலிருப்பதில்
அவரைவிடப் பழக்கம் யாருக்கு?

கடனுக்கான சொல்லிலும் அப்படி ஒன்று
கடைசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், வாயே திறக்காது.
மாசிலாமணி கட்டிலில் படுத்தபடி சொன்னான்:
"சரிதானே. வாங்கினவன் எவன் சத்தம் போட்டிருக்கான்?"

படிகளில் எனக்குச் சம்மதமில்லை.
டிடக்‌ஷன் படி ஐந்தாம்.
சம்பளச் சீட்டு வாங்கிய முதல் மாதமே
கைநாட்டுக்காரனுக்கும் அது தெரிந்துவிடும்.
கிளியரன்ஸ், அப்ஸ்காண்டிங், படி ஆறு.
வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுகிற வார்த்தைகள்.
லீவ், படி ஒன்று, பச்சை.
அதன் நெடிலைக் குறிலாக்கினால்
வாழ் என்று ஆகிவிடுகிறது.
இருபத்திரண்டு மாதமாக
இரண்டும் எனக்கு வரவில்லை.

லேட் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
படி ஒன்று. உதாரணம்: பஸ் லேட்.
சிரித்துவிட்டு
'தெரியும்' பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த வாரம் ஹெச்.ஆரிலிருந்து ஒரு தாள்,
கேட் பாஸை ரத்து செய்யச் சொல்லி:
லேட் மாசிலாமணி, ரிக்கர், எண் 4471.
ஊருக்கு லீவில் போனவன்,
ஞாயிறு வந்திருக்க வேண்டும்.
லேட்தான், மூன்று நாள்.
அதற்குப் போய் பாஸை வெட்டுவார்களா?
தாளோடு மஹ்ரூஸிடம் சண்டைக்குப் போனேன்.
அவர் படித்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.
இந்த லேட் அந்த லேட் இல்லை என்று
ஆங்கிலத்தில் தொடங்கி, முடியாமல்,
"மர்ஹூம்" என்றார்.

எங்கள் கீழக்கரைப் பக்கக் கல்யாணப் பத்திரிகைகளில்
மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்கு முன்னால்
எத்தனை முறை படித்திருக்கிறேன் அதை.
அகராதி தேவைப்படவில்லை.

போனில் கீழே தள்ளிக்கொண்டே போனால்
அர்த்தம் நான்கு, படி ஐந்து.
உச்சரிப்பு: மேலே உள்ளபடியே.
நம்மிடம் மனிதன் காலமாகிறான்,
அவர்களிடம் பிந்திப்போகிறான்.
யார் வைத்த பெயரோ,
இரண்டு பேர் கையிலும் கடிகாரம் இருந்திருக்கிறது.

லாக்கரைத் திறந்து பட்டியல் போட்டோம்.
தேங்காயெண்ணெய் பாட்டில், பாதி.
பிரிக்காத சட்டை ஒன்று.
சார்ஜர், மூன்று (இரண்டு என்னுடையவை, சொல்லவில்லை).
நான் எழுதிய ரிசீட்டில்
ஒலிக்காத எழுத்து விட்டுப்போயிருந்தது.
ரோடெல் பேனாவை வாங்கி
இடுக்கில் அதைச் செருகிக் கொடுத்தான்.

மறுநாள் நாலு இருபதுக்கு வரவேண்டிய பஸ்
நாலே முக்காலுக்கும் வரவில்லை.
ரவுண்டானாவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
"நோ கம்மிங்" என்றான் ரோடெல்.
"நாட் யெட்" என்றார் மஹ்ரூஸ்.