ஐந்து அம்பியர்

கொக்குவிலில் என் கராஜின் வாசலில்
ஒரு ரோசா பஸ் வந்து நின்றது,
சீற் எல்லாம் கழற்றி,
பல் பிடுங்கிய வாய்போல.
உள்ளே வீடு செய்யப் போகிறார்களாம்.
ஓஸ்லோவில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய றெஜினோல்ட்
சாவியோடு ஒரு கொப்பித் தாளையும் நீட்டினார்:
விளக்குகள், பதினாறு.
கூரையில் எட்டு, கண்ணாடிக்கு மேலே மூன்று,
தலைமாட்டில் ஹலோஜன் இரண்டு,
யன்னல் சீலையை உரசினாற்போல.

"வடிவாத்தான் இருக்கும்" என்றேன்.
"இருவது நிமிசத்துக்கு.
பேந்து உந்தச் சீலை பழுக்கும்."

ஹலோஜனைப் போட்டுவிட்டு
கொஞ்சம் பொறுத்துத் தொடச் சொன்னேன். தொட்டார்.
விரலை வாயில் வைத்தபடி
தாளில் இரண்டை வெட்டினார்.

எனக்கு வீடுகள் தெரியாது. வண்டிகள் தெரியும்.
வீடு நிற்கும், அதன் வயரும் நிற்கும்.
இது குலுங்கும்.
தகரத்தில் துளைபோட்டு இழுத்த வயர்
ஒவ்வொரு கிடங்குக்கும் ஒருதரம் உரசும்,
எலி மாதிரி, அவசரமில்லாமல்.
அதனால் துளைக்குத் துளை றப்பர் வளையம்.
பற்றறியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ்.
ஐந்து அம்பியர்.

"பத்துப் போட்டால் அடிக்கடி போகாதே?"
"போகவேணும் அண்ணை.
அது போறதுக்குத்தான் இருக்கு."

எமில்டா அக்கா மூன்று நாளும் வாய் திறக்கவில்லை.
பின்சில்லின் மேட்டில் குந்தியிருந்து
மிக்சர் தின்றுகொண்டு பார்த்தா.
நாலாம் நாள் கேட்டா:
"கட்டில் எங்க வரும்?"

கடைசியில், குறுக்கே,
அவசர யன்னலை மூடிக்கொண்டு.
அவர் சோக்கட்டியால் கீறியே வைத்திருந்தார்.
அடுப்பு முன்கதவோடு.

"அப்ப அடுப்புப் பத்தினால்
நாங்கள் எதால போறது?"

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
வீதியில் ஒரு சோடா லொறி
போத்தல்கள் கிலுங்கப் போனது.
அவர் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார்.

கட்டில் நீளவாக்கில் வந்தது, ஒரு அலுமாரி போனது.
காஸ் சிலிண்டருக்கு வெளியால் திறக்கிற பெட்டி,
அடியில் ஓட்டை;
காஸ் பாரம், கீழேதான் தேங்கும்,
நிறமில்லாத வெள்ளம்.

பிறகு அவ தன் விளக்கைச் சொன்னா.
ஒன்றே ஒன்று. நிலத்தோடு, கணுக்கால் உயரத்தில்,
கட்டிலிலிருந்து கதவு வரைக்கும்.
"புகை வந்தால்
மேல இருக்கிற லைற் ஒண்டும் தெரியாது, பிள்ளை."
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
பங்குனி வெயிலிலும் அவவின் சட்டைக்கை
மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது.

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரன்
வெள்ளை எல்.ஈ.டி. நாடாவை எடுத்துப் போட்டான்.
"வெளிச்சம் கூட, அக்கா."
"மஞ்சளைத் தா. இது ஒப்பறேசன் தியேட்டர் இல்லை."

முதல் ஓட்டம் கசூரினாக் கடற்கரைக்கு.
பாரை மீன் பொரித்ததுதான் தாமதம்,
புகைமணி கூவியது.
கரையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.
மணியின் பற்றறியைக் கழற்றப் போன றெஜினோல்டின் கையில்
அகப்பையால் ஒரு அடி விழுந்தது.
நான் கடலைப் பார்த்தேன்.

சாப்பிட்டு முடிய எல்லாவற்றையும் அணைத்தோம்,
நிலத்து மஞ்சள் கோட்டைத் தவிர.
அவ கட்டிலில் படுத்து, எழும்பி,
குனிந்து நடந்தா, ஒருதரம் அந்தக் கோட்டோடு,
இன்னொருதரம் கண்ணை மூடிக்கொண்டு.
ஏழு அடி. பிறகு மணல்.
"சரி" என்றா, கணக்குப் பார்த்து முடித்தவ போல.

நான் வீடு வரப் பதினொரு மணி.
ரீவிக்குப் பின்னால் எங்கள் மல்ரிபிளக்:
பிரிட்ஜ், ரீவி, மகனின் கணினி,
இரண்டு போன், நுளம்பு மருந்து.
குனிந்து தொட்டேன்.
விரலை வாயில் வைத்தேன்.

சுவரோடு சேர்த்து இழுத்துக் கழற்ற
அறைக்குள்ளிருந்து மகன் கத்தினான்:
"ஆர் கறன்ரை நிப்பாட்டினது?"

இருட்டில் நின்றேன்.
கதவு எந்தப் பக்கம் என்று
கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.