கையெழுத்து

ஊரடங்கு என்றதும் சிரித்தேன்.
பாஸ் இல்லாமல் சந்தி தாண்டாத ஊரில் வளர்ந்தவன்,
எனக்கா சொல்லித் தருகிறார்கள்?

பொபினியில் எங்கள் கட்டடம் பதினொரு மாடி.
ஒரேயொரு வீட்டில் பிரிண்டர், அதிலும் மை இல்லை.
வெளியே போகக் காகிதம் வேண்டும்:
பெயர், பிறந்த நாள், விலாசம், காரணம், புறப்பட்ட நேரம்.
கையால் எழுதினாலும் செல்லும் என்று செய்தியில் சொன்னார்கள்.

உணவகத்தைப் பூட்டிவிட்டதால்
கழுவக் கோப்பையில்லாத கைக்குப் பேனா வந்தது.
பிரெஞ்சு எனக்குப் பேச்சில் பாதி, வாசிப்பில் பூச்சியம்.
ஆனால் பார்த்து எழுதுவேன், வரி பிசகாமல்.
வால் உள்ள எழுத்துகள் மட்டும்
என் கையில் ழகரமாகச் சுருண்டுவிடும்.

முதலில் எதிர்வீட்டு சுமாயிலாவுக்கு.
பிறகு எட்டாம் மாடிப் பெடியளுக்கு.
பிறகு நாய் வைத்திருப்பவர்களுக்கு, நாளுக்கு மூன்று.
நாய்க்கும் படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது.
சும்மா என்பதற்குத்தான் பெட்டி இல்லை.

இரண்டாம் மாடி நதேஜுக்கும் எழுதினேன்,
ஞாயிறுதோறும், தாய்க்கு மருந்து கொண்டுபோக.
ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிறவர்களைப்
புரட்டிக் குப்புறப் படுக்கவைக்கும் வேலை அவளுக்கு.
மூக்கின் மேல் முகக்கவசம் அழுத்திய தழும்பு.
இரண்டு மீட்டர் தள்ளி நின்று
மெர்சி, மிசே கதிர்காமத்தம்பி, என்பாள்.
இந்த நாட்டில் வேறு யாரும்
அந்தப் பெயரின் கடைசி எழுத்துவரை வந்ததில்லை.

இரவு எட்டு மணிக்கு ஜன்னல்களெல்லாம் கைதட்டும்.
மகள் ஆரணி சட்டியை அகப்பையால் அடிப்பாள்.
மூன்றாம் மாடி மிசே கோத்தியே
வேட்டைக் கொம்பு ஊதுவார், கன்னம் சிவக்க.

அந்தக் கோத்தியேதான் ஒரு செவ்வாய்க்கிழமை
தொலைபேசித் திரையைத் தூர நின்று நீட்டினார்.
இதையும் ஒன்று எழுதித் தாருங்கள்,
எனக்குக் கை நடுங்குகிறது, உங்கள் எழுத்து வடிவானது.
வாசலில் இரண்டு கிலோ கோதுமை மா வைத்தார்.
பத்து நாளாய் எந்தக் கடையிலும் மா இல்லை.
ஆறு வரி. வழமைபோலப் பார்த்து எழுதினேன்.

ரொட்டி சுட்டோம். இடிசம்பலும்.

மறுநாள் குப்பை கொட்டப் போன ஆரணி
லிஃப்டுக்குள் ஒட்டியிருந்ததை வாசித்துவிட்டு வந்து
என் முகத்தைப் பாராமல் தமிழில் சொன்னாள்:
இரண்டாம் மாடி ஆஸ்பத்திரிக்காரிக்கு.
உங்கள் சேவைக்கு எங்கள் வணக்கம்.
இங்கே பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிறோம்.
லிஃப்டைத் தொட வேண்டாம்.
கைப்பிடிகளையும்.
இது முடியும்வரை வேறிடம் பார்த்துக்கொள்ள முடியுமா?

பிறகு கேட்டாள்,
அப்பா, அது ஏன் உங்கட ழ?

கீழே யாருடைய கையெழுத்தும் இல்லை.
மேலே முழுக்க என் கையெழுத்து.

ஓடிப்போய்க் கிழித்தேன்.
இரவு வேலை முடிந்து ஏழு மணிக்கே
அவள் அந்த லிஃப்டில் ஏறியிருப்பாள்.

ஞாயிறு வந்தாள். படியால், மூச்சு வாங்க.
வெற்றுத்தாளை நீட்டினாள். எழுதினேன்.
வாலை வெட்டி எழுதப் பார்த்தேன்,
கை கேட்கவில்லை.
அவள் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
ஓர் எழுத்தில் நின்றாள்.
நான்காக மடித்தாள்.
மெர்சி, மிசே, என்றாள்.
அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அன்றைக்கும் எட்டு மணிக்குக் கொம்பு ஊதியது.
ஆரணி சட்டியை எடுக்கவில்லை.
மாவில் அரைவாசி இன்னும் அலுமாரிக்குள்.

ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குப் போகப்
படிவம் தேவையில்லை.
ஆனாலும் மேசையில் உட்கார்ந்து ஒன்று எழுதினேன்.
பெயர். பிறந்த நாள். விலாசம்.
காரணம் என்ற இடத்தில்
பார்த்து எழுத எதுவும் இருக்கவில்லை.