எண்ணெய் கூடிய கதை

"என் எஞ்சின் எண்ணெயே குடிப்பதில்லை" என்று
கெம்ச்சித் துறை முழுக்கச் சொல்லித் திரிந்தார் நோல்பெர்த்தோ.
"ஆறு வாரம். ஒரு சொட்டு ஊற்றவில்லை.
எதுவீனா கை வைத்தால் அப்படித்தான்."

அளவுக் கம்பியை உருவினேன்.
மேல்கோட்டைத் தாண்டி
ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

குறைந்தால் காரணம் நூறு.
கூடினால் இரண்டுதான்: தண்ணீர், இல்லை டீசல்.
தண்ணீரென்றால் பால் விட்ட காப்பியாய் வெளுத்திருக்கும்.
இது கறுப்பு.
இரு விரலுக்கிடையே தேய்த்தேன்,
பிடிமானம் இல்லை, வடித்த கஞ்சி.
முகர்ந்தும் பார்த்தேன். வீண்வேலை.
இருபது வருடம் டீசலில் ஊறிய மூக்கு இது,
ரொட்டியைக் கொடுத்தாலும் டீசல் என்றுதான் சொல்லும்.

செய்தித்தாளைக் கிழித்து
அவர் எண்ணெயில் ஒரு சொட்டு,
பக்கத்தில் புது எண்ணெயில் ஒரு சொட்டு.
தகரத்தில் மழை இரைந்தது.
நான் ஒரு சுரைக்குடுவை மாத்தே உறிஞ்சி முடிப்பதற்குள்
புதியது சோம்பலாய் அங்கேயே கிடக்க,
அவருடையது நடுவில் மையை விட்டுவிட்டு
வெளிறிய வளையமாய் ஓடியது
கால்பந்துச் செய்திக்குள்,
கோல் போட்டவன் பெயர் வரை.

"பம்ப்பா?" என்றார்.
"பம்ப் இல்லை" என்றேன்.
சொன்ன வாய்க்குள்ளேயே ஏதோ கசந்தது.

ஜூன் மாதம் அந்தப் பம்ப்பை மாற்றியவள் நான்.
அன்றும் இதே போல் ஏறியிருந்தது.
அன்று காகிதம் கிழிக்கவில்லை,
விளக்கு பிடிக்கவில்லை.
நான்கு படகு வரிசையில் நின்றது, சிப்பி அறுவடை வேறு.
கேட்டதும் வாயில் வந்தது: "பம்ப் சீல் போய்விட்டது."
எண்ணிக் கொடுத்தார். ஈரமான நோட்டுகள்,
சிப்பிக் கவிச்சி போகவே இல்லை.

டாங்கில் சாயம் ஊற்றினோம்.
தீவைச் சுற்றி இரண்டு மணி நேரம்
ஏற்றப்பட்டவனைப் போலப் படகை ஓட்டினார்.
திரும்பி வந்து வால்வு மூடியைத் திறந்தேன்.
எஞ்சின் அறையை இருட்டாக்க
தன் மழைக்கோட்டை வாசலில் விரித்துப் பிடித்து நின்றார்,
கைகள் வலித்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை.

ஊதா விளக்கு.
முதல் இன்ஜெக்டர், இருட்டு.
இரண்டாவது, இருட்டு.
மூன்றாவதின் திரும்புகுழாய் அடியில்
பச்சையும் மஞ்சளுமாய் ஒரு கசிவு,
ராக்கர் மேல் வழிந்து,
எண்ணெய் இறங்கும் ஓட்டைக்குள்
தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.
அழகாயிருந்தது. சொல்லக் கூடாதுதான்.

ஒரு செப்பு வாஷர்.
இரண்டு ரொட்டி விலை.

"இவ்வளவுதானா?" என்றார், கோட்டை இறக்காமலே.

"உங்கள் பழைய பம்ப் என் பட்டறையில் இருக்கிறது" என்றேன்.
"கீழ்த்தட்டில். நல்ல பம்ப்.
அன்றே நல்ல பம்ப்தான்."

கோட்டை இறக்கினார்.
வெளிச்சம் வந்தது; முகத்தைப் பார்க்கவில்லை நான்.
அடைப்பைத் திருகினேன்.
பதினெட்டு லிட்டரும் தண்ணீராய் இறங்கியது.
இந்த நீர்த்த எண்ணெயில் பேரிங்குகள்
எவ்வளவு தேய்ந்தன என்று
எந்த விளக்கும் காட்டாது.
அது ஒருநாள் தட்டித்தான் சொல்லும்,
குவாஃபோ பக்கம், எதிர்காற்றில்.
அதையும் சொன்னேன்.
பணம் திரும்பும் என்றேன், இரண்டு தவணையில்.

"ஆறு வாரம்" என்றார்,
"உன்னைப் புகழ்ந்தேனே ஊரெல்லாம்."

அப்புறம் அந்தக் காகிதத் துண்டை எடுத்து
பல்புக்கு நேரே பிடித்தார்.
கோல் போட்டவன் யார் என்று பார்த்தார்.
டீசல் குடித்த தாள் கண்ணாடியாகிவிட்டிருந்தது.
பெயர் தெரிந்தது.
பின்பக்கத்து மரண அறிவிப்பும்
கூடவே தெரிந்தது, தலைகீழாய்.