புதன்கிழமை வாளி

செய்து கற்கும் வாரம், மூன்றாம் நாள்.
ஜெலுத்தோங் பள்ளி, ஆண்டு ஒன்று.
வகுப்பெங்கும் தண்ணீர்.

மண்டரின் ஆரஞ்சு மிதந்தது.
இருபது காசு மூழ்கியது.
என் ஜப்பான் செருப்பு
என்னைக் கேட்காமலே வாளிக்குள் போய்
மிதந்தது.

யுகேஷ்வரன் கால்சட்டைப் பையிலிருந்து
கசங்கிய டிஷ்யூவைப் பிரித்தான்.
காலையில் பேருந்தில் விழுந்த பல்.
"மிதக்கும் டீச்சர், ரொம்பச் சின்னது."

போட்டான்.
இருபத்து மூன்று தலைகள்
வாளிக்கு மேல் மோதிக்கொண்டன.
நேரே அடிக்குப் போய்
காசுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அழுவான் என்று
என் கை பாதி வழி போய்விட்டது.

அவனோ அட்டவணையில்
'மிதக்கும்' மேல் கோடு கிழித்து,
புது ஓட்டையில் நாக்கைத் துருத்தியபடி
எழுதினான்:
பல் - மூள்கும்.

ழகரத்தை
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.