வருகைப் பதிவேட்டின் பின்பக்கம்

ஆறு நிமிடம் பிந்தினால் அரைநாள் கூலி வெட்டு என்று
பதினோரு வருடம் சிவப்பு மையில் எழுதிய கை இது.
இன்று அதே பதிவேட்டைத் திருப்பிப் போட்டு
பருப்பு எழுதுகிறது.

டிசம்பர். நைல் கழிமுகத்தில் மழை.
நூற்பாலை முற்றத்துத் தார்ப்பாய்க்குக் கீழே
நூற்று முப்பத்தெட்டுப் பேர்.
மூன்று மாதச் சம்பளம் உள்ளே.
நாங்கள் வெளியே.
கேன்டீனுக்குப் பூட்டு.
அண்டா, பள்ளிவாசலில் இரவல்.

மைசூர்ப் பருப்பு: ஒன்பது கிலோ, கரம் கடையில் கடன்.
வெங்காயம்: நாலு கிலோ.
கேரட்: வாடிப்போனதென்று சந்தையில் தள்ளியது, சும்மா.
சீரகம்: நபவிய்யா வீட்டு டப்பாவிலிருந்து,
அவள் அளக்க விடவில்லை.
எலுமிச்சை: பிறகு சொல்கிறேன்.

அதே காசுக்கு ஆட்டிறைச்சி என்றால்
ஒன்றேகால் கிலோ வந்திருக்கும்.
வகுத்துப் பார்த்தேன், வேறு வேலை?
ஆளுக்கு ஒன்பது கிராம்.
பல்லிடுக்குக்குப் போதும்.

செம்மஞ்சளாய்க் கொட்டினோம்.
கொதி வந்ததும் நிறத்தைக் கைவிட்டு
மஞ்சளாய்க் குழையத் தொடங்கியது.
நுரையை வழித்து எறிந்துகொண்டே நபவிய்யா
நெய் இருந்தால் இரண்டு கரண்டி விடலாம் என்றாள்.
வாயிற்காவலர் ஷெனூதாவுக்குக் கிறிஸ்துமஸ் நோன்பு.
இறைச்சி ஆகாது, முட்டை, பால், நெய் ஆகாது.
எங்களை மறித்து நிற்கத்தான் அவருக்குச் சம்பளம்.
அதுவும் மூன்று மாதமாய் வரவில்லை.
அவருக்காக எண்ணெயிலேயே பூண்டு தாளித்தோம்.
பெருந்தன்மைதான்.
நெய் வாங்கக் காசில்லை என்பதையும் எழுத வேண்டும்.

எலுமிச்சைக்கு வருகிறேன்.
முறுக்குப் பிரிவு ரவிய்யாவுக்கு ஆறு மாதம்.
ஆலை நர்ஸ் இஃதிதால் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்து
வெளுத்துக் கிடக்கிறதே என்றாள்.
"பருப்பில் இரும்பு இருக்கிறது, பெண்ணே,
தானாக உன் ரத்தத்துக்கு வராது.
எலுமிச்சை போய்க் கையைப் பிடித்து அழைத்து வரணும்."
ஆளுக்குக் கால் மூடி.
ரவிய்யாவுக்கு ஒரு முழுப் பழம்.
புளிப்பில் அவள் முகம் கோணியதைப் பார்த்து
ஐந்து நாளில் முதன்முறையாக
யாரோ சிரித்தார்கள்.

எனக்கு வாய்த்தது ஒரு கல்.
கடைவாயில் நறுக்கென்றது.
பருப்பு பொறுக்கியது நான்தான்,
யாரைத் திட்ட?

ஐந்தாம் நாள் மேலாளர் மம்தூஹ் வந்தார்.
காரின் பின்னால் ஒரு வேன்.
வேனில் கரியடுப்பில் வாட்டிய கோஃப்தா,
பெட்டி பெட்டியாக.
ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு தாள்:
பாதிச் சம்பளம் இப்போது, மீதி பார்க்கலாம்,
கீழே கையெழுத்து.
மூடியிருந்தும் கொழுப்பின் மணம்
தார்ப்பாய்க்குள் நுழைந்து எல்லோர் மடியிலும் உட்கார்ந்தது.
என் நாக்கு என்னைக் கேட்காமலேயே ஊறியது.

அவர் பேசினார்.
குடும்பம் என்றார், ஒரே கப்பல் என்றார்.
எங்கள் அண்டா நாற்பது நிமிடத்தில் குழைந்துவிட்டது.
அவர் மூன்று மணி நேரம் தீ மூட்டியும்
அவருடைய பருப்பு
வேகவில்லை.

முழுக்க வேகவில்லை என்று சொன்னால் பொய்.
பதினோரு பேர் கையெழுத்திட்டார்கள்.
பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு
தலை குனிந்து மழையில் போனார்கள்.
பதினோரு பெயரும் எனக்குத் தெரியும்,
தகப்பன் பெயரோடு, பணி எண்ணோடு.
பேனா கையில்தான் இருந்தது.
எழுதவில்லை.

இரவு வரிசை இருட்டில் நின்றது.
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிலர்
கடைசியாக வந்து கிண்ணம் நீட்டினார்கள்.
நபவிய்யா முகத்தைப் பார்க்கவில்லை,
கிண்ணத்தைப் பார்த்தாள்.
நிறைத்தாள்.
ஒரு கிண்ணத்தின் அடியில்
ஆறிய கோஃப்தா இரண்டு இருந்தது.
அதை எடுத்து ரவிய்யாவிடம் கொடுத்தாள்,
ஒரு வார்த்தை இல்லை.

நிற்பவர்: நூற்று இருபத்தேழு.
ஊற்றிய கிண்ணம்: நூற்று முப்பத்திரண்டு.

கணக்கு உதைக்கிறது.
நாளைக்கும் ஒன்பது கிலோ வேண்டும்,
கரம் கடையைத் திறந்தால்.